மெயினுக்கு முன்னால் ஒரு வயர்

புதிதாக வயரிங் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒரு மறுப்புச் செய்தி. நான் முத்துப்பேட்டை லகூனில் ஒரு பாய்மரப் படகை மூழ்கடித்துவிட்டேன் என்று திருத்துறைப்பூண்டி டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது சுத்தப் பொய். படகு மூழ்கவில்லை. மூழ்குவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை எல்லாம் நான் நீட்டாகச் செய்து கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அதற்கு மேலும் மூழ்காமல் இருந்தது படகின் பெருந்தன்மை.

ஏணி ஏறுவதை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள் நான். வயது ஐம்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. முழங்கால் மட்டும் எனக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆகிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து புத்தி சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்களில் ஒருவர் அந்தப் படகுக்கு சோலார் மாட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் கேபினுக்குள் காலை வைத்ததும், கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு வயர் குறுக்கே தொங்கும். கை அரிக்கும். 'எந்த மடையன் போட்டது இது, அறுத்துப் போடு' என்று தோன்றும். அந்த மடையன் நான்தான். அறுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும்.

ஹமீது அண்ணனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் பூசுகிற வேலை பார்த்துவிட்டு முத்துப்பேட்டைக்குத் திரும்பி வந்தவர். திரும்பி வருகிறவர்கள் வீடு கட்டுவார்கள், கடை வைப்பார்கள். இவர் புதுச்சேரியில் யாரோ கழித்துப்போட்ட ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு குட்டி கேபின். இரண்டு பேர் படுக்கலாம், மூன்று பேர் உட்காரலாம். நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டால் மண்டை இடிக்கும்.

அவர் என் கடைக்கு வந்து சொன்னது இப்படி.

"தம்பி, ஒரு ரூம் வயரிங் இருக்கு."

"எத்தனை பாயின்ட் அண்ணே?"

"லைட்டு ரெண்டு, ஃபேன் ஒண்ணு, செல்லு சார்ஜர் ஒண்ணு. ஒரு சின்ன மோட்டார் இருக்கு, அது ஏற்கெனவே ஓடுது."

"ரூம் எங்க, மாடியிலயா?"

"தண்ணியில."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி மைமூன் அக்காவுக்கு அந்தப் படகு வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அக்காவின் தம்பி சலீமுக்கு மிகவும் பிடித்திருந்தது, வேறு விதத்தில். அவருக்கு இறால் பண்ணை இருக்கிறது. படகை வாங்கி, கேபினை மட்டும் அறுத்தெடுத்து, பண்ணைக் கரையில் வாட்ச்மேன் படுக்க ரூமாக வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"அறுக்கிறதாம் தம்பி," என்றார் ஹமீது அண்ணன். "அங்க அத்தனை வருசம் அடுத்தவன் படகுக்கே பூசிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நாளு ஒருத்தன் 'ஏறி உக்காருப்பா'ன்னு சொன்னதில்ல. இப்ப என் படகை அறுக்கிறதாம்."

வீட்டில் பஞ்சாயத்து நடந்து ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அக்கா ஒரே ஒரு தடவை ஏறுவார். லைட், ஃபேன், சார்ஜர் மூன்றும் இருக்க வேண்டும். லகூனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது 'ஏண்டா ஏறினோம்' என்று அக்கா நினைக்காவிட்டால் படகு ஹமீது அண்ணனுக்கு. நினைத்துவிட்டால் சலீமுக்கு. ஆக, ஒரு மனிதனின் வாழ்நாள் ஆசை நாலு பாயின்ட் வயரிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார் பாவம்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் வாய்க்கால் தண்ணீர். மடையைத் திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும், தன் வரப்புக்குள் மரியாதையாக இருக்கும். அதன் மேலே ஏறி நின்று வேலை பார்ப்பது என்பது எனக்குப் புதுசு. முதல் நாளே டெஸ்டரை எடுத்து பேட்டரியில் வைத்தேன். எரியவில்லை. "பேட்டரி செத்துப்போச்சு அண்ணே" என்றேன். அவர் பக்கத்திலிருந்த சுவிட்சைப் போட்டார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு நம் வீட்டு டெஸ்டர் எரியாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். படகு ஆடியதில் மறந்துவிட்டேன். "இது ஷாக்கே அடிக்காது அண்ணே, தைரியமா கை வைக்கலாம்" என்று அப்புறம் அந்த வாரம் முழுக்க அவருக்கு நானே பாடம் எடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் கேவலப்படுத்த உதவும்.

பழைய வயரிங் இடியாப்பத்தைப் பிழிந்து சுவரில் ஒட்டின மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கினேன். வயரை மூடுகிற பிளாஸ்டிக் கேசிங்கைப் புதிதாக ஓட்ட ஆரம்பித்தேன். என் வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். அதற்காகப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தேன்.

மிதக்கிற படகில் ரசமட்டம் வைத்த ஒரே எலக்ட்ரீஷியன் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். யாராவது கால் மாற்றி உட்கார்ந்தால் குமிழ் அந்தப் பக்கம் ஓடும். தும்மினால் இந்தப் பக்கம் ஓடும். "அண்ணே, மூச்சு விடாம நில்லுங்க" என்று ஹமீது அண்ணனை இடது பக்கம் நிறுத்திவைத்துக் கோடு போட்டேன். அவரும் நின்றார். கேசிங் அவ்வளவு நேராக வந்தது. அவர் வலது பக்கம் வந்து உட்கார்ந்ததும் மொத்தமும் சாய்ந்துவிட்டது. "நீங்க எப்பவும் இடது பக்கமே இருங்க" என்று சொல்லிவிட்டேன். வழியில் ஒரு ரப்பர் குழாய் குறுக்கே வந்தது. கை கழுவுகிற சின்னத் தொட்டியிலிருந்து படகுக்கு வெளியே போகிற குழாய். என் நேர்கோட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது. லேசாக ஒரு இழுப்பு இழுத்து ஓரமாக ஒதுக்கிவைத்தேன். குழாய்தானே.

அப்புறம்தான் அந்த வயரைப் பார்த்தேன்.

பேட்டரிக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். வட்டமாக இருக்கும், நடுவில் ஒரு சிவப்புச் சாவி. சாவியைத் திருப்பிப் பிடுங்கினால் மொத்தக் கரண்டும் கட். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே ஒரு சிவப்பு வயர் மட்டும் மெயினுக்கு வராமல், அதற்கு முன்னாலேயே பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பி, படகின் அடிப்பலகைக்குக் கீழே திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே, தண்ணீர் சேருகிற பள்ளத்தில் ஒரு குட்டி மோட்டார். மேல்நிலைத் தொட்டி மாதிரி அதற்கும் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் தானே ஓடி வெளியே கொட்டிவிடும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் வயரிங் பண்ணிய ஒரு வீட்டில், வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் மீட்டருக்கு முன்னாலேயே ஒரு வயரை இழுத்து ஏசிக்குக் கொடுத்துவிட்டார். பிடிபட்டதும், 'எலக்ட்ரீஷியன்தான் பண்ணிக் கொடுத்தாரு' என்று கையைக் காட்டிவிட்டார். அன்றைக்கு முழுக்க மின்வாரிய ஆபீஸ் வாசலில் நான் உட்கார்ந்த உட்காரல் எனக்குத்தான் தெரியும். அதிலிருந்து மெயினுக்கு முன்னால் ஒரு வயரைக் கண்டால் எனக்குப் பாம்பைக் கண்ட மாதிரி.

"அண்ணே, இது யாரு போட்டது?"

"வாங்குறப்பவே இருந்துச்சு தம்பி. ஏதோ காரணமாத்தான் போட்டிருப்பாங்க."

"காரணம் எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கொக்கி."

ஹமீது அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "திருட்டு லைனா? யார்கிட்டேருந்து தம்பி திருடுறது? பேட்டரி என்னுது, மோட்டாரும் என்னுது."

தம்பிகளே, இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு ஆள் தன் பேட்டரியிலிருந்து தானே ஏன் திருட வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நான் இன்றைக்கு டீக்கடையில் தலை நிமிர்ந்து டீ குடிப்பேன். யோசிக்கவில்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது அண்ணே. எல்லாம் மெயினுக்குப் பின்னாலதான் வரணும். அதுதான் சட்டம்" என்று சொல்லி, அந்த வயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, உருவி, துறையில் தூக்கிப் போட்டேன். மோட்டாரையும் மற்றதோடு சேர்த்து மெயினுக்குப் பின்னால் கொடுத்து, கேசிங்கால் மூடினேன். ஹமீது அண்ணன் எதையும் வீணாக்காத ஆள். அந்த வயரைப் பொறுக்கி, தூசி தட்டி, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் சுவிட்ச் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். யார் படகு என்று ஞாபகம் வந்து துடைக்கப் போனபோது, பார்க்க வந்திருந்த மைமூன் அக்கா தடுத்தார். "இருக்கட்டும் தம்பி. இந்தப் படகுக்கு எல்லாரோட தொணையும் வேணும்." அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். உங்களில் பல பேர் அதற்கு இதயம் போட்டீர்கள். நான் மறக்கவில்லை.

சுற்றிப் பார்க்கப் போகிற நாள் வந்தது. நான் துறையில் நின்று கையாட்டி அனுப்பத்தான் போயிருந்தேன். பையைக்கூட வண்டியில் வைத்துவிட்டேன். அக்கா ஒரு தேக்சா நிறைய பிரியாணியோடு வந்தார். படகு ஆடினால் மூடி திறந்துகொள்ளுமே என்று ஹமீது அண்ணன் மூடியைச் சுற்றி ஒரு வயரால் இறுக்கிக் கட்டியிருந்தார். அக்கா ஒரு காலைப் படகில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி ஏறலையா?"

"நான் எதுக்குக்கா?"

"வயரிங் பண்ணுனவர் ஏறமாட்டேங்கிறார்னா அப்ப நான் எதை நம்பி ஏறுறது?"

சலீம் துறையில் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்தார். கேபினின் நீள அகலத்தை அப்போதே கண்ணால் எடுத்துக்கொண்டிருந்தார். ஹமீது அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, கோர்ட்டில் சாட்சியைப் பார்க்கிற பார்வை. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ஏறினேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. மேலே பாய் விரிந்தது, படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. அக்கா கேபினுக்குள் உட்கார்ந்து, பட்டப்பகலில் இரண்டு லைட்டையும் போட்டு, ஃபேனைப் போட்டு, செல்லைச் சார்ஜில் போட்டார். அப்புறம், "பரவாயில்லையே" என்றார். வெளியே சுக்கானைப் பிடித்திருந்த ஹமீது அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அக்கா காற்று வாங்க வெளியே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் கேபினில் பிரியாணிக்குக் காவல்.

கொஞ்ச தூரம் போனதும் காற்று ஏறியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தே போனது. பாய்மரப் படகு அப்படித்தான் போகுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலுக்குக் கீழே 'கும்' என்று ஒரு சத்தம். குட்டி மோட்டார் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. குனிந்து அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர். சலசலவென்று ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் மூளை வேலை செய்யவில்லை, தம்பிகளே. முப்பது வருஷத்துப் பழக்கம் வேலை செய்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் என்ன செய்வோம்? மெயினை ஆஃப் செய்வோம். வயலில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும்போது என்ன செய்வோம்? ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். இல்லாவிட்டால் வரப்பில் போகிற யாராவது, 'கரண்ட் வந்துடுச்சா பாப்போம்' என்று ஸ்டார்ட்டரை அமுக்கி நம்மைச் சிவலோகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தேன். சிவப்புச் சாவியைத் திருப்பினேன், பிடுங்கினேன், சட்டைப் பையில் போட்டேன். 'கும்' நின்றது. இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். அப்புறம் பெஞ்சின் மேலே ஏறி, மண்டை கூரையில் இடிக்க, மெயின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்ட திருப்தி.

"தம்பி, ஃபேன் நின்னுடுச்சு," என்றார் அக்கா வெளியிலிருந்து.

"சேஃப்டிக்காக நிறுத்தினேன்க்கா."

"எதுக்கு சேஃப்டி?"

"தண்ணி வந்திருக்கு."

"படகுக்குள்ளயா?"

"ஆமாக்கா. பயப்படாதீங்க. கரண்டைக் கட் பண்ணிட்டேன்."

ஹமீது அண்ணனின் தலை கேபின் வாசலில் தெரிந்தது. "மோட்டார் ஓடுதுல்ல?"

"அதையும் சேத்துத்தான் நிறுத்தினேன்."

"ஏன் தம்பி?"

"தண்ணி இருக்கே அண்ணே."

"தண்ணி இருக்கறதுக்குத்தானே தம்பி மோட்டாரு?"

"யாரும் உள்ள வராதீங்க, ஷாக் அடிச்சிடும்," என்று கையை விரித்து நின்றேன். ஒரு வாரமாக யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. "அண்ணே, இங்க ஆழம் எவ்வளவு?"

"உங்க இடுப்பு வரைக்கும்தான்."

உயிர் வந்தது. "அப்ப எறங்கி நின்னுக்கலாமா?"

"தண்ணி இடுப்பு வரைக்கும். அதுக்குக் கீழ சேறு. அது எது வரைக்கும்னு எறங்கினவங்கதான் சொல்லணும்."

மைமூன் அக்கா சத்தம் போடவில்லை. ஒரு காலை உள்ளே இறக்கி, குனிந்து எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"தம்பி, எங்க வீட்டு போர்ல மோட்டார் எறக்குனது யாரு?"

"நான்தான்க்கா."

"அது எங்க கெடக்கு?"

"தண்ணிக்குள்ள."

"அதுக்குக் கரண்டு போகுதா?"

"போகுது."

"நாங்க அதுல குளிக்கிறோம், குடிக்கிறோம். உசுரோடதானே இருக்கோம்?"

பெஞ்சிலிருந்து மெதுவாக இறங்கினேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. சட்டைப் பையில் கையை விட்டேன். பை காலி. குனிந்து பார்த்தபோது சாவி நழுவித் தண்ணீருக்குள் போயிருந்தது. அந்தக் கலங்கல் தண்ணீரில், பலகைக்கு அடியில், எங்கேயோ. அது இல்லாமல் மெயின் சுவிட்ச் வெறும் வட்டம்.

இதற்குமேல் எல்லாம் வேகமாக நடந்தது. ஹமீது அண்ணன் சுக்கான் கட்டையை அக்கா கையில் திணித்துவிட்டு, "ஒரு பக்கம் தள்ளினா எதிர்ப் பக்கம் போகும், கரையைப் பாத்துப் புடி" என்று சொல்லி உள்ளே பாய்ந்தார். கை கழுவுகிற தொட்டிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். நான் என் நேர்கோட்டுக்காக ஓரமாக இழுத்துவைத்த குழாய், படகு சாய்ந்ததும் சுவர் ஓட்டையிலிருந்து கழன்றிருந்தது. அந்த ஓட்டை வழியாக லகூன் உள்ளே வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டார். கையை எடுத்தால் தண்ணீர். எடுக்க முடியாது.

ஆக, அக்கா சுக்கானில். அண்ணன் ஓட்டையில். சும்மா இருந்தது நான் ஒருத்தன். ஏற்கெனவே வந்த தண்ணீர் பேட்டரிப் பெட்டியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. படகு இன்னொரு தடவை சாய்ந்தால் பேட்டரிக்குள் உப்புத் தண்ணீர் போகும். அத்தோடு லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை, படகும் இல்லை. துறையில் ஒரு டேப் காத்துக்கொண்டிருக்கிறது.

"தம்பி," என்றார் ஹமீது அண்ணன், தரையில் கன்னத்தை வைத்தபடி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏதாவது பண்ணுங்க தம்பி. அறுத்துடுவான்."

சாவியைத் தேடலாமா? எங்கே என்று தேடுவது? தண்ணீரை மொண்டு ஊற்றலாமா? மொள்ளுவதற்குள் பேட்டரி போய்விடும். மெயினையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெயின் இல்லாமல் மோட்டாருக்குக் கரண்ட் போக என்ன வழி? மெயினுக்கு முன்னாலிருந்து, பேட்டரியில் நேராக, ஒரு வயர்.

அப்போதுதான் புரிந்தது. யாராவது ஒரு பைத்தியக்காரன் பதறிப்போய் மெயினை அணைப்பான், படகு அப்போதும் மூழ்கக்கூடாது. அதற்காகப் போட்ட வயர் அது. முகம் தெரியாத எவனோ ஒருவன் எனக்காகவே போட்டு வைத்திருக்கிறான். நான் அவனைத் திருடன் என்று சொல்லி அறுத்துப் போட்டேன்.

வயருக்கு எங்கே போவது? பை வண்டியில், வண்டி துறையில். சுற்றிப் பார்த்தேன். பிரியாணி தேக்சா. மூடியைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது ஒரு சிவப்பு வயர். அதே வயர்.

அவிழ்த்தேன். பல்லால் இரண்டு முனையையும் உரித்தேன். பிரியாணி நெய் வாசனை வாயில் ஏறியது. மோட்டாரின் வயரை எடுக்க வேண்டுமே, அது என் கேசிங்குக்குள் இருந்தது. ரசமட்டம் வைத்து, மூச்சை அடக்கி, ஒரு பெரியவரை இடது பக்கமே நிற்கவைத்துப் போட்ட கேசிங். இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தேன். நெஞ்சு வலித்தது. ஒரு முனையை மோட்டார் வயரோடு முறுக்கினேன். மறு முனையை பேட்டரியில் நேராகக் கொக்கி போட்டேன். திருவிழாக் காலத்து ஆட்கள் லைனில் போடுவார்களே, அதே ஸ்டைலில்.

'கும்.'

படகின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போனது. பம்புசெட்டில் முதல் தண்ணீர் விழுகிற சத்தம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு தடவையும் கேட்டதில்லை. ஹமீது அண்ணன் படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதை வெளியேற்ற மோட்டார் தேவைப்படவில்லை.

அப்புறம் குழாயை அதன் வாயில் மாட்டி, அண்ணன் தன் துண்டைக் கிழித்து இறுகக் கட்டினார். தண்ணீர் வடிந்ததும் பள்ளத்தில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே சிவப்புச் சாவி கிடந்தது. அதை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். என்னிடம் இருப்பதைவிட யாரிடம் இருந்தாலும் நல்லது என்று தோன்றியது.

இத்தனை நேரமும் படகு கரையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஹமீது அண்ணன் வெளியே வந்து சுக்கானை வாங்கப் போனார். அக்கா கொடுக்கவில்லை.

"உக்காருங்க. எனக்குப் புடிபட்டுடுச்சு. எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப் பக்கமாத் தள்ளணும். உங்ககிட்ட இத்தனை வருசமா அப்படித்தானே காரியம் ஆகுது."

அவரே படகைத் திருப்பி இன்னொரு சுற்றுப் போனார். தேக்சாவின் மூடிதான் ஏற்கெனவே திறந்துவிட்டதே, பிரியாணியை ஒரே தட்டில் போட்டு நானும் அண்ணனும் சாப்பிட்டோம். எங்கள் தலைக்கு மேலே, கேபினுக்குக் குறுக்கே, அந்தச் சிவப்பு வயர் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது.

துறையில் சலீம் ஓடி வந்தார். அக்காவின் புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்ததைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"என்ன லாத்தா, முடிச்சிடலாமா?"

அக்கா காலித் தேக்சாவை அவர் கையில் கொடுத்தார். அவர் டேப்பைப் பையில் போட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"உன் வாட்ச்மேனுக்குக் கீத்துக் கொட்டகை போட்டுக் குடு. கல்யாணம் ஆனதிலேருந்து நான் நெனச்ச பக்கம் திரும்புன ஒரே சாமான் இதுதான். இதைப் போயி அறுக்கிறேங்கிற."

ஹமீது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைக் கட்டினார். கட்டிய முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவர் முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தார் போல. நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புதுக் கேசிங், ரசமட்டம் எல்லாவற்றோடும் மறுபடி போனேன். அந்த வயரை ஒழுங்காக மூடி, நேராக்கி, கண்ணுக்குத் தெரியாமல் பண்ணிவிடலாம் என்று. மைமூன் அக்கா படகிலேயே உட்கார்ந்திருந்தார். இடுப்புச் சாவிக் கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவியோடு அந்தச் சிவப்புச் சாவியும் தொங்கியது. ஹமீது அண்ணன் படகை எடுக்க வேண்டுமென்றால் இப்போது அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"தம்பி, கேசிங்கைக் கீழ வைங்க."

"அசிங்கமா தொங்குதே அக்கா. நீட்டா பண்ணித் தர்றேன்."

"நீங்க நீட்டா பண்ணதுலதான் அன்னிக்கு நனைஞ்சேன். அது தொங்கட்டும். தொங்கினாத்தான் எதுக்குன்னு நாலு பேரு கேப்பாங்க."

நடுவில் ஒரு ஃபியூஸ் மட்டும் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. போட்டுவிட்டு வந்தேன்.

அதனால், சோலார் மாட்டப் போகிற தம்பிக்குச் சொல்கிறேன். எதையாவது அறுக்கத் தோன்றினால் முதலில் யாரையாவது கேளுங்கள். வீட்டுக்காரர் விவரம் தெரியாமல் ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நீங்களும் ஒரு தடவை உங்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரைக் கண்டால் சாவியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கித்தான் தீருவேன் என்றால், உங்களுக்கும் சேர்த்து அந்த வயர் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ரசமட்டத்தைக் கடையில் வைத்துவிட்டுப் போங்கள். பிரியாணி கொடுப்பார்கள், சாப்பிடுங்கள். மூடியைச் சுற்றி இப்போது சணல் கயிறுதான் கட்டுகிறார்கள்.